சுத்தியல் நின்ற இரவு

ரோன் பள்ளத்தாக்கில் நாற்பத்து மூன்று நாளாய் மழையில்லை.
பதினேழாம் எண் பைனின் பட்டையை
ஒரு விரலகலம் சீவி
ஒலிமானியை ஒட்டுகிறேன்.
மனிதக் காதுக்கு எட்டாத சுருதி.
கணினி அதை நமக்காக இறக்கித் தருகிறது:
டிக்.
ஈர விறகு அடுப்பில் தெறிப்பதுபோல்,
அதைவிடச் சின்னதாக.

ஒவ்வொரு டிக்கும்
ஒரு நீர்க்கயிறு அறுந்த சத்தம்.

கயிறுதான்.
ஊசியிலையில் வெயில் பிடித்து இழுக்க
வேர்வரை விறைத்து நிற்கிற தண்ணீர்.
கீழிருந்து தள்ள யாருமில்லை,
பம்பு இல்லை, இதயம் இல்லை.

அதைத் தாங்கும் டிரக்கீடு
மூன்று மில்லிமீட்டர் நீளம்,
மயிரிழையைவிட மெலிவு.
பிறந்து சில வாரம்தான் உயிர்.
சுவருக்கு லிக்னின் பூசி முடித்ததும்
தன்னைத்தானே உள்ளிருந்து கரைத்துக் காலிசெய்யும்.
செத்த பிறகுதான் வேலைக்குச் சேரும்,
பல்லாண்டு, விடுப்பே இல்லாமல்.

"எங்கள் நகராட்சிக்குத் தெரிந்தால்
அப்படித்தான் ஆளெடுப்பார்கள்" என்கிறான் தியோடூல்.
கோடையில் வாய்க்கால் காவல்,
பனிக்காலத்தில் கேபிள் கார் எலக்ட்ரீஷியன்.
பனியாற்று நீரைப் பாறை முகத்தில் தொங்கும்
லார்ச் மரத் தொட்டிகளில் ஆறு கிலோமீட்டர் நடத்தி
திராட்சைத் தோட்டங்களில் விடவேண்டும் அவன்.
நின்றபோதும் நீர் சுமந்த மரம்,
கிடந்தபோதும் அதே வேலை.

வாய்க்காலில் ஒரு சக்கரம்,
சக்கரத்தோடு ஒரு சுத்தியல்.
தண்ணீர் ஓடும்வரை பலகையில் தட்டும்: டொக், டொக்.
அந்தச் சத்தத்தில் தூங்குவான்,
நின்றால் விழிப்பான்.
என் மரங்கள் தலைகீழ்:
ஓடினால் மௌனம், அறுந்தால் பேச்சு.

நாற்பது கோடி ஆண்டுக்கு முன்
கரையேறிய செடிகள் விரலுயரம்தான் இருந்தன.
குழாய்க்குள் வளையம், பிறகு சுருள்,
முட்டுக்கொடுத்துப் பார்த்தன;
இல்லையென்றால் இழுப்பில் சப்பிப்போகும்.
பின்னால் சுவரே தடித்தது.
தடித்த சுவருக்குக் கதவு தேவைப்பட்டது.
தண்ணீர் வரும் கதவில்
காற்றும் வருமே.

ஊசியிலை மரங்களின் கதவு இப்படி:
குழிக்குள் ஒரு வலை,
வலை நடுவே ஒரு தட்டு.
இருபுறமும் நீர் இருந்தால் தட்டு நடுவில் நிற்கும்,
வலைக்கண் வழியே நீர் போகும்.
ஒருபுறம் காற்று நுழைந்துவிட்டால்
நீர்ப்பக்கம் இழுபட்டு
வாயில் போய் ஒட்டிக்கொள்ளும் தட்டு.
போன அறை போகட்டும்,
பக்கத்து அறை பிழைக்கும்.
யாரும் யோசித்துச் செய்ததில்லை.
கசிந்தவை போயின, மற்றவை இருக்கின்றன.

மேலே, பாறை இடுக்கில்
துடைப்பம்போல் நிற்கிறதே எஃபெட்ரா,
அதுவும் பூவாத கூட்டம்தான்.
ஆனால் செல்லின் முனையைத் துளைத்துத் துளைத்து
நீள்குழாய் செய்துகொண்டது,
பூக்கும் மரங்களைக் கேட்காமல், தன் போக்கில்;
பங்காளிகளில் ஒருவன் மட்டும்
மாடி வீடு கட்டிக்கொண்டதுபோல்.

இரவு இரண்டு பத்துக்குச் சுத்தியல் நின்றது.
டார்ச்சோடு ஓடினான் தியோடூல்,
பின்னால் நான், செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு.
பாறை விழுந்து தொட்டி பிளந்திருந்தது.
பிளவிலிருந்து நீர்
இருட்டில், சரிவில்,
என் பைன்களின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவன் பலகையை எடுத்தான்.
எடுத்தவன் நின்றான்.
"எத்தனை மணி நேரம் வேண்டும் உன் மரத்துக்கு?"
"தெரியாது" என்றேன். உண்மைதான்.
உட்கார்ந்தோம்.
கீழே ஊரில் ஒரு விளக்கு எரிந்து, அணைந்தது.

விடியலில் கணினியைத் திறந்தேன்.
பதினேழாம் எண்: நாலரைக்குப் பிறகு
ஒரு டிக்கும் இல்லை.

ஏழு மணிக்குப் பிளவை அடைத்தான்.
சுத்தியல் மறுபடி தட்டத் தொடங்கியது,
நேற்றைவிடக் கொஞ்சம் சோம்பலாக.
போய்ப் பார்த்தேன்.
பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.

அறிக்கையில் நான் அதை எழுதவில்லை.